கர்ணம் காணும் பாட்டும் வர்க்கமூலமும்

செங்கோண முக்கோணம் ஒன்றில் செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்களின் அளவு தெரிந்தால், மூன்றாவது பக்கமாகிய கர்ணத்தைக் காண அவ்விரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பள்ளிப் பாடநூல்கள் கூறும் முறை இதுவே. வர்க்கமூலமே எடுக்காமல் கர்ணத்தின் நீளத்தைச் சொல்லிவிடும் சிறு தமிழ்ப் பாடல் ஒன்று பல ஆண்டுகளாகக் கைபேசிச் செய்திகளிலும் மேடைப் பேச்சுகளிலும் வலம் வருகிறது. போதையனார் என்னும் பெயர் அதனுடன் சேர்த்துச் சொல்லப்படுகிறது. பிதாகரஸுக்கு முன்பே தமிழர் இத்தேற்றத்தைக் கண்டுவிட்டனர் என்பதும், வர்க்கமூலம் வேண்டாத காரணத்தால் தமிழ் முறையே உயர்ந்தது என்பதும் பாடலோடு கூடவே வரும் இரு கூற்றுகள். பாடல் கூறும் விதியைக் கணக்காக எடுத்துக்கொண்டு அதன் பலத்தையும் பலவீனத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடல் கூறும் விதி

பாடலின் பொருள் எளிது. கிடையாக ஓடும் பக்கத்தை எட்டுக் கூறாக்கி, அதில் ஒரு கூற்றைத் தள்ளிவிட வேண்டும். மிஞ்சியதோடு உயரத்தில் பாதியைச் சேர்க்க வேண்டும். வருவது கர்ணம். இன்றைய முறையில் எழுதினால்:

கர்ணம் = கிடையின் 7/8 + உயரத்தின் 1/2

கிடை 4, உயரம் 3 எனக் கொண்டால் 4-இல் அரைக்கால் பங்கு 1/2. அதைக் கழிக்க 3 1/2. உயரத்தில் பாதி 1 1/2. கூட்டினால் 5. மிகச் சரியான விடை. கிடை 8, உயரம் 6 என்றால் 7 + 3 = 10. இதுவும் சரி. கிடை 12, உயரம் 5 என்றால் 10 1/2 + 2 1/2 = 13. இதுவும் சரியே. பரப்பப்படும் செய்திகளில் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்த மூன்றோடு நின்றுவிடும். படிப்பவர் வியந்து போய் அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார். நான்காவது எடுத்துக்காட்டைத் தாமே போட்டுப் பார்ப்பவர் குறைவு.

நான்காவது எடுத்துக்காட்டு

கிடை 15, உயரம் 8 உடைய முக்கோணத்தின் கர்ணம் 17. பாட்டின்படி 13.125 + 4 = 17.125. சற்றே கூடுதல். கிடை 24, உயரம் 7 என்றால் கர்ணம் 25. பாட்டு தருவது 24.5. கிடை 21, உயரம் 20 என்றால் கர்ணம் 29. பாட்டு தருவது 28.375. இரு பக்கமும் சமமான முக்கோணத்தில் கர்ணம் பக்கத்தைப் போல் 1.4142 மடங்கு, பாட்டின் கணக்கில் 1.375 மடங்குதான். நூற்றுக்கு ஏறத்தாழ 2.8 குறைகிறது.

இதுவரை வந்தவை சிறு பிழைகள். தோராயம் என்று சொல்லித் தாண்டிவிடலாம். ஆனால் சரிவு தாழத் தாழ நிலைமை மோசமாகிறது. கட்டடங்களின் வாசலில் சக்கர நாற்காலிக்காக அமைக்கப்படும் சாய்தளத்தை எடுத்துக்கொள்ளலாம். 1 அடி உயர 12 அடி கிடை என்பது அதற்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. பாட்டின் விதிப்படி சாய்தளப் பலகையின் நீளம் 10 1/2 + 1/2 = 11 அடி. தரையில் நேராகப் படுக்க வைத்தாலே 12 அடி வேண்டிய இடத்துக்கு 11 அடிப் பலகை எப்படிப் போதும்? கர்ணம் மற்ற இரு பக்கங்களையும்விட நீளமானது என்பது தேற்றம் எதுவும் படிக்காதவருக்கும் தெரியும். இங்கே அந்த அடிப்படையே உடைந்துபோகிறது. உயரம் கிடையில் கால் பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் எல்லா முக்கோணங்களிலும் இதே கதைதான். சரியாகக் கால் பங்கு இருக்கும்போது, எடுத்துக்காட்டாகக் கிடை 8, உயரம் 2 என்னும்போது, பாட்டு 8 என்றே விடை தருகிறது; அதாவது சாய்ந்த பக்கமும் தரையும் ஒரே நீளம்!

மறுபக்கமும் பார்க்க வேண்டும். சுவரில் சாத்திய ஏணியில் உயரம்தான் அதிகம், கிடை குறைவு. அடி 5, உயரம் 12 என்று வைத்துப் பாட்டின் சொல்லை அப்படியே பின்பற்றினால் 4.375 + 6 = 10.375. ஏணி சுவரின் உச்சியைத் தொடவே தொடாது. இதைக் கவனித்த சிலர், பெரிய பக்கத்தையே கிடையாகக் கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துச் சொல்கின்றனர். நிபந்தனை நல்லதுதான், ஆனால் பாட்டில் அது இல்லை. சேர்த்தாலும் சாய்தளத்தின் சிக்கல் தீராது.

எங்கே சரி

குறை சொல்வதோடு நிறுத்திவிட்டால் அது பாட்டுக்குச் செய்யும் அநீதி. அது எந்தெந்த முக்கோணங்களுக்குத் துல்லியமாகப் பொருந்துகிறது என்று இயற்கணித முறையில் தேடினால் அழகான விடை ஒன்று கிடைக்கிறது.

உயரத்தைக் கிடையால் வகுத்து வரும் எண்ணை, அதாவது அடிக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பை, 'ச' என்று கொள்க. கிடையை 1 எனக் கொண்டால் உண்மையான கர்ணத்தின் வர்க்கம் 1 + ச². பாட்டின் கர்ணம் 7/8 + ச/2. இதன் வர்க்கம் 49/64 + 7ச/8 + ச²/4. இரண்டும் சமமானால்,

48ச² − 56ச + 15 = 0

என்னும் இருபடிச் சமன்பாடு வரும். தன்மைகாட்டி 3136 − 2880 = 256. அதன் வர்க்கமூலம் 16. ஆகவே ச = 72/96 அல்லது 40/96. சுருக்கினால் 3/4, 5/12.

அதாவது 3-4-5, 5-12-13 என்னும் இரண்டு வடிவங்களுக்கும் அவற்றின் மடங்குகளுக்கும் மட்டுமே பாட்டு மிகச் சரியாகப் பொருந்தும். வேறு எந்த முக்கோணத்துக்கும் பொருந்தாது. பரப்பப்படும் எடுத்துக்காட்டுகள் ஏன் எப்போதும் இவையே என்பது இப்போது விளங்கும்.

இந்த இரண்டு வடிவங்களின் அடிக்கோணங்கள் ஏறத்தாழ 36.9 பாகை, 22.6 பாகை. இவ்விரண்டுக்கும் இடையே பாட்டின் விடை உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அந்தக் கூடுதலும் நூற்றுக்கு 0.78-ஐத் தாண்டாது. ஏறத்தாழ 19 பாகையிலிருந்து 40 பாகை வரை பிழை நூற்றுக்கு ஒன்றுக்குள் அடங்கிவிடும். 45 பாகையில் அது 2.8 குறைவு, 60 பாகையில் 13 குறைவு.

ஓட்டுக் கூரை போடும் தச்சருக்கு இந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. ஓட்டுக் கூரையின் சரிவு பெரும்பாலும் 30 பாகையை ஒட்டியே அமையும். சுவரிலிருந்து முகட்டின் நேர்கீழ் வரை 10 அடி, முகட்டின் உயரம் 5 3/4 அடி என்றால், பாட்டின்படி கைமரத்தின் நீளம் 8.75 + 2.875 = 11.625 அடி. உண்மையான அளவு 11.535 அடி. ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் கூடுதல். கைமரம் ஓர் அங்குலம் நீண்டிருந்தால் செதுக்கிவிடலாம். குறைந்துபோனால் ஒட்டுப்போட முடியாது. ஆக, மரம் வாங்குவதற்கு முன் நீளத்தை மதிப்பிட இதைவிடக் கைக்கு அடக்கமான விதி கிடைப்பது அரிது. கிடையின் நீளத்துக்கு ஒரு கயிற்றை எடுத்து மும்முறை மடித்தால் எட்டுக் கூறு. ஒரு கூற்றை விட்டுவிட்டு, உயரத்துக்கான கயிற்றை ஒருமுறை மடித்துச் சேர்த்தால் வேலை முடிந்தது. எண்ணே எழுத வேண்டியதில்லை. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகக் குறையும் தமிழ்ப் பின்னங்களோடு வளர்ந்தவருக்கு இது பேசும் மொழி போலவே இயல்பானது.

பாட்டின் உண்மையான இடம் தச்சுப் பட்டறை. அங்கே அது நல்ல கருவி. அதைத் தேற்றம் என்று பட்டம் கட்டி மேடை ஏற்றும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

விதி எப்படிப் பிறந்திருக்கலாம்

கிடையில் ஒரு பங்கும் உயரத்தில் ஒரு பங்கும் கூட்டிக் கர்ணம் வர வேண்டும் என்று ஒருவர் தேடுகிறார் எனக் கொள்க. அவருக்கு 3-4-5 தெரியும், 5-12-13-உம் தெரியும். முதல் முக்கோணத்தின்படி கிடைப் பங்கின் 4 மடங்கும் உயரப் பங்கின் 3 மடங்கும் சேர்ந்து 5 ஆக வேண்டும். இரண்டாவதன்படி 12 மடங்கும் 5 மடங்கும் சேர்ந்து 13 ஆக வேண்டும். முதலாவதை மூன்றால் பெருக்கினால் 12 மடங்கும் 9 மடங்கும் சேர்ந்து 15. அதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் உயரப் பங்கின் 4 மடங்கு 2. ஆகவே உயரப் பங்கு 1/2; கிடைப் பங்கு 7/8. வேறு விடைக்கு வழியே இல்லை.

விதியை அமைத்தவர் இந்த வழியில்தான் சென்றார் என்று அடித்துச் சொல்ல முடியாது. கயிற்றை வைத்துப் பலமுறை அளந்து பார்த்தும் கண்டிருக்கலாம். ஆனால் இரண்டு முழுஎண் முக்கோணங்களிலும் ஒருசேரப் பொருந்துவது தற்செயலாக இருக்கும் என்று நம்புவது கடினம். அந்த முக்கோணங்களை அறிந்த கைதான் இதைச் செய்திருக்க வேண்டும். அப்படியானால் பாட்டு தேற்றத்துக்கு மாற்று அன்று. தேற்றத்தின் பலன்களை முன்பே அறிந்தவர் செய்த குறுக்குவழி. "தேற்றத்துக்கு முன்பே வந்தது" என்னும் வாதத்துக்கு இது நேர் எதிர்.

பாடலின் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். அகராதியைத் தேடாமல் இன்றைய பள்ளி மாணவர் படித்துப் புரிந்துகொள்ளும் நடை அது. சங்கப் பாடல்களைப் பயின்றவர் இதைச் சங்க காலத்தது என்று ஒப்புவது அரிது. பிதாகரஸ் வாழ்ந்தது கி.மு. 6ஆம் நூற்றாண்டு. அதற்கு முந்தையது என்று சொல்ல மொழிச் சான்றும் இல்லை, ஏட்டுச் சான்றும் காட்டப்படவில்லை.

பெயர்க் குழப்பம்

போதையனார் என்னும் பெயரையும் பௌதாயனர் என்னும் பெயரையும் ஒன்றாக்கிவிடும் பழக்கமும் உண்டு. ஒலி நெருங்கியிருப்பதால் வந்த வினை. பௌதாயனரின் சுல்ப சூத்திரம் வேள்வி மேடைகளைக் கயிறு கொண்டு அளந்து கட்டுவதற்கான வடமொழி நூல். பொதுவாக அது கி.மு. முதல் ஆயிரமாண்டின் முற்பகுதியைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. நீள்சதுரத்தின் மூலைவிட்டத்தின் மேல் எழுப்பும் சதுரத்தின் பரப்பு, இரு பக்கங்களின் மேல் எழும் பரப்புகளைச் சேர்த்ததற்குச் சமம் என்று அது கூறுகிறது. இது நீளத்தைப் பற்றிய தோராயம் அன்று. பரப்பைப் பற்றிய முழு உண்மை. எல்லாச் செங்கோண முக்கோணங்களுக்கும் பொருந்துவது. அதே நூல் 3-4, 5-12, 8-15, 7-24, 12-35 என்று பக்கங்களை எடுத்துக்காட்டாகவும் தருகிறது.

அதற்கும் முன்பு, கி.மு. 1800-ஐ ஒட்டிய பாபிலோனியக் களிமண் பலகைகள் உள்ளன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உள்ள பிளிம்ப்டன் 322 என்னும் பலகையில் இத்தகைய முக்கோண எண்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள சிறு பலகை ஒன்றில் சதுரமும் மூலைவிட்டமும் வரைந்து, 2-இன் வர்க்கமூலத்தை அறுபதின் அடிமான எண்களில் 1, 24, 51, 10 என்று எழுதியுள்ளனர். தசமத்தில் அது 1.414213 அளவுக்கு வரும். ஆகவே பிதாகரஸுக்கு முந்தையவர்கள் யார் என்னும் போட்டியில் கலந்துகொள்ள விரும்புவோர் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

முக்கோணவியல் விகிதங்களில் விளையும் கேடு

ஒன்பதாம் வகுப்பில் சைன், கொசைன், டேன்ஜென்ட் ஆகிய விகிதங்கள் அறிமுகமாகின்றன. எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன். அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கொசைன். இரண்டிலும் கர்ணம் கீழே நிற்கிறது. அது தவறானால் இரண்டும் தவறும்.

பக்கங்கள் 1, 1 உடைய முக்கோணத்தில் பாட்டின் கர்ணம் 1.375. அதன்படி 45 பாகையின் சைன் 0.727. உண்மை 0.707. சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் சேர்ந்து 1 ஆக வேண்டும்; இங்கே 1.058 வருகிறது. முன்பு சொன்ன சாய்தளத்தில் கொசைன் 12/11 ஆகி, 1-ஐத் தாண்டியே போய்விடுகிறது. கொசைன் ஒருநாளும் 1-ஐத் தாண்டாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்ட மறுநாளே ஒரு மாணவர் இந்த விடையோடு வந்து நின்றால், ஆசிரியர் பிழையின் வேர் எங்கே என்று தேடியாக வேண்டும்.

விகிதங்களின் மொழியில் பாட்டைத் திருப்பி எழுதினால் அதன் குறை ஒரே வரியில் தெரியும். இருபுறமும் கர்ணத்தால் வகுத்தால், கொசைனில் 7/8-உம் சைனில் பாதியும் சேர்ந்து எப்போதும் 1 என்று பாட்டு கூறுவதாக ஆகும். 0 பாகையில் கொசைன் 1, சைன் 0, கூட்டுத்தொகை 7/8. 90 பாகையில் 1/2. எப்போதும் 1 என்பது எப்படி நிற்கும்?

இதில் பாட்டை மட்டும் குறை கூறவும் முடியாது. கிடையில் ஒரு பங்கு, உயரத்தில் ஒரு பங்கு என்று கூட்டும் எந்த விதியும் எல்லா முக்கோணத்துக்கும் சரியாக அமையாது. உயரம் 0 ஆகும்போது கர்ணம் கிடையே என்பதால் கிடைப் பங்கு 1 ஆக வேண்டும். கிடை 0 ஆகும்போது கர்ணம் உயரமே என்பதால் உயரப் பங்கும் 1 ஆக வேண்டும். அப்படியானால் கர்ணம் இரு பக்கங்களின் கூட்டுத்தொகை என்று ஆகிவிடும். 3-உம் 4-உம் சேர்ந்து 7 என்று வரும். ஆகவே வர்க்கமூலத்தை முற்றிலும் தவிர்த்துவிட்டு, வெறும் பங்குகளைக் கூட்டிச் சரியான கர்ணம் காணும் வழி கிடையாது. ஒருவரும் கண்டுபிடிக்காததால் அல்ல, இருக்கவே முடியாததால்.

வர்க்கமூலம் அவ்வளவு கடினமா

பாட்டின் கவர்ச்சியெல்லாம் வர்க்கமூலத்தைக் கண்டு மாணவர் கொள்ளும் அச்சத்திலிருந்து வருகிறது. அந்த அச்சத்துக்குக் காரணம் கணக்கு அல்ல, கற்பிக்கும் முறை. எட்டாம் வகுப்பில் வகுத்தல் முறையைப் படிகளாக மனப்பாடம் செய்யவைத்து, ஏன் ஈவை இரட்டிக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கூட்டலின் வர்க்கத்தில் வரும் இரட்டைப் பெருக்கலே அதற்குக் காரணம் என்று ஒரு சதுரம் வரைந்து காட்டினால் போதும்.

சாய்தளத்தின் கர்ணம் 145-இன் வர்க்கமூலம். 12-இன் வர்க்கம் 144, மீதி 1. இரண்டு சுழியம் சேர்த்தால் 100. 12-ஐ இரட்டித்த 24-ஐ அடுத்து ஓர் இலக்கம் இட வேண்டும். 241-கூடப் பெரிது என்பதால் 0. மேலும் இரண்டு சுழியம் சேர்த்தால் 10000. 2404-ஐ 4-ஆல் பெருக்க 9616. ஆகவே விடை 12.04, மேலும் சில. இடமதிப்பு வழியாக வர்க்கமூலம் காணும் முறையை ஆரியபட்டர் கி.பி. 499-இல் தம் ஆரியபட்டீயத்தில் ஒரே செய்யுளில் சொல்லியிருக்கிறார். அதுவும் பாட்டுத்தான். ஆனால் அது எந்த எண்ணுக்கும், எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் செல்லும்.

வேகம் வேண்டுவோர்க்கு வேறொரு வழி. உயரத்தின் வர்க்கத்தைக் கிடையின் இரு மடங்கால் வகுத்துக் கிடையோடு சேர்த்தால் போதும். சாய்தளத்துக்கு 12 + 1/24 = 12.0417. உண்மை 12.0416. கிடை 24, உயரம் 7 என்றால் 24 + 49/48. 25-க்கு மேல் சரியாகக் கால் அங்குலம்தான், அடிக்கணக்கில் சொன்னால். கிடை 40, உயரம் 9 என்றால் 40 + 81/80 = 41.0125, பாட்டின் விடை 39.5. தாழ்ந்த சரிவில் பாட்டு தோற்கும் இடத்தில் இது வெல்கிறது. செங்குத்துச் சரிவில் இதுவும் தளரும்: 4, 3-க்கு 5.125 வரும். அப்போது 25-ஐ 5.125-ஆல் வகுத்து வரும் 4.878-ஐயும் 5.125-ஐயும் சராசரி எடுத்தால் 5.0015. இன்னொரு முறை செய்தால் பிழை கண்ணுக்கே தெரியாது. தவறு தன்னையே திருத்திக்கொள்ளும் இந்தக் குணம் பாட்டின் விதிக்கு இல்லை. அது ஒருமுறை சொன்னதோடு முடிந்துவிடும். விடை சரியா என்று சோதிக்கவும் வழி தராது.

சராசரி எடுக்கும் இந்த முறையின் ஆற்றலைப் பார்க்க 2-இன் வர்க்கமூலமே போதும். 3/2-இல் தொடங்கினால் அடுத்தது 17/12, அதற்கடுத்தது 577/408. இந்தக் கடைசி எண் பௌதாயனர் தரும் அதே எண்தான். ஒன்று, அதில் மூன்றில் ஒன்று, அந்த மூன்றில் ஒன்றின் நான்கில் ஒன்று ஆகியவற்றைக் கூட்டி, இறுதியாகச் சேர்த்ததில் முப்பத்து நான்கில் ஒன்றைக் கழிக்கச் சொல்கிறார் அவர். 577-இன் வர்க்கம் 332929. 408-இன் வர்க்கத்தின் இரு மடங்கு 332928. வித்தியாசம் ஒன்றே ஒன்று.

விகித அட்டவணைகள் பிறப்பதும் வர்க்கமூலத்திலிருந்தே. 30 பாகையின் கொசைன் 3-இன் வர்க்கமூலத்தில் பாதி, அதாவது 0.8660. அதை 1-இலிருந்து கழித்து, பாதியாக்கி, வர்க்கமூலம் எடுத்தால் 15 பாகையின் சைன் 0.2588 கிடைக்கும். மும்முறை பாதியாக்கினால் 3 பாகை 45 கலை வரும். ஆரியபட்டரின் அட்டவணை இந்த இடைவெளியில்தான் 24 மதிப்புகளைத் தருகிறது. ஆரம் 3438 கலை. அதில் 30 பாகைக்கு 1719, சரிபாதி.

நல்ல தோராயம் எப்படி இருக்கும்

தோராயம் என்பதே தாழ்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பாஸ்கரர் மகாபாஸ்கரீயத்தில் அட்டவணையே இல்லாமல் சைன் காண ஒரு விதி தருகிறார். கோணத்தின் பாகையையும், 180-இலிருந்து அதைக் கழித்து வருவதையும் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்குத்தொகையின் நான்கு மடங்கை, 40500-இலிருந்து அந்தப் பெருக்குத்தொகையைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். 30 பாகைக்கு 30 × 150 = 4500; 18000-ஐ 36000-ஆல் வகுக்கச் சரியாக 1/2. 90 பாகைக்குச் சரியாக 1. 45 பாகைக்கு 0.7059, உண்மை 0.7071. 60 பாகைக்கு 0.8649, உண்மை 0.8660. 0 முதல் 180 பாகை வரை எங்குமே பிழை 0.002-ஐ எட்டாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். பாஸ்கரரின் விதி இரு முனைகளிலும் உண்மையோடு கட்டப்பட்டிருக்கிறது. இடையில் சற்றே விலகினாலும் கைவிட்டு ஓடிவிடுவதில்லை. கர்ணப் பாட்டு நடுவில் இரண்டு ஆணிகளில் மட்டும் தொங்குகிறது. முனைகளில் பிடிப்பு இல்லை.

வகுப்பறையில்

"பாட்டு இருக்கும்போது வர்க்கமூலம் எதற்கு?" என்று மாணவர் கேட்பது இயல்பு. அந்தக் கேள்வியை அடக்கிவிடும் ஆசிரியரும் தவறுகிறார். பெருமை பேசிப் பாட்டை ஏற்றுக்கொள்ளும் ஆசிரியரும் தவறுகிறார். தேர்வில் இந்த விதியைப் போட்டு விடை எழுதிய மாணவருக்கு மதிப்பெண் போனால், அந்த இழப்பு பெருமை பேசியவருக்கு இல்லை. இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாதது. ஒரு தமிழ்ப் பாட்டு பொய்த்ததைக் கண்ட சிறுவர், நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் பொன் நிறுக்கவும் கணக்கு வகுத்த கணக்கதிகாரம் போன்ற நூல்களையும் அதே கணக்கில் சேர்த்துத் தள்ளிவிடுவார். அந்நூல்கள் கவனமாகப் படிக்கப்பட வேண்டியவை. அவற்றின் விதிகள் பல தோராயங்களே, ஆனால் எந்த வேலைக்கு என்பதைச் சொல்லிச் செய்யப்பட்ட தோராயங்கள்.

பாட்டை வகுப்பறைக்குக் கொண்டுவருவதில் தவறில்லை. எட்டாம் வகுப்பு மாணவர் நூலும் அளவுகோலும் கொண்டு பத்து முக்கோணங்களை வரைந்து, பாட்டின் விடையையும் அளந்த நீளத்தையும் இரு பத்திகளில் எழுதலாம். ஒன்பதாம் வகுப்பினர் ஒவ்வொன்றுக்கும் கோணம் கண்டு, எந்தக் கோணத்திலிருந்து எந்தக் கோணம் வரை நம்பலாம் என்று தாமே எல்லை கட்டலாம். பத்தாம் வகுப்புக்கு ஒருங்கமை நேரியல் சமன்பாடுகள் இருக்கின்றன: 7/8-க்கும் 1/2-க்கும் பதிலாக 3-4-5, 8-15-17 என்னும் இரண்டு முக்கோணங்களில் பொருந்தும் பங்குகள் எவை? விடை கிடைப் பங்கு 11/13, உயரப் பங்கு 7/13. கணக்கு சரியாக வந்துவிடும். ஆனால் கயிற்றைப் பதின்மூன்றாக மடிக்கச் சொன்னால் எந்தத் தச்சரும் சிரித்துவிடுவார்.